ரோஸ்லெட்டுக்கு நாற்பத்தெட்டுக்கு ஏழு

மணவாளக்குறிச்சிக்கு மேற்கே கடலோரச் சாலையில் காலை ஏழு மணிக்கு ஒரு மினி டெம்போ வரும். கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். பின்னால் ஆறு மீன்காரிகள், மீன் சுமக்கிற ஆறு அலுமினியச் சருவங்கள், ஒரு மூட்டை ஐஸ். ஐந்து பேர் போடுகிற சத்தத்துக்கு ரோஸ்லெட் ஒருத்தி ஈடு கொடுப்பாள். சிரிப்பாள், ஏசுவாள், டிரைவர் சகாயத்துக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பாள், எதிரே வருகிற பஸ்ஸின் கண்டக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பாள். இவளுக்கு உடம்பில் தீராத ஒரு நோவு உண்டு என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். யாரும் நம்பக்கூடாது என்பதுதான் அவளுடைய ஏற்பாடும்.

நோவு உண்டு. இரண்டாயிரத்து நான்காம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தபோது ரோஸ்லெட் கரையில் வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு சுவரில் அடித்தது. பிழைத்துக்கொண்டாள். புருஷன் மரியஜானும் பிழைத்தான், மகனும் பிழைத்தான். அந்தக் கரையில் அந்த வருஷம் அப்படிச் சொல்ல முடிந்த வீடுகள் குறைவு. அதனால் இடுப்பெலும்பு முறிந்துபோனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எலும்பு கூடிவிட்டது என்று அனுப்பினார்கள். எலும்பு கூடியது வாஸ்தவம், வலி போகவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது, குனிந்தால் உயிர் போகும். அதன்பிறகு அவள் படம் எடுப்பதை விட்டுவிட்டாள்.

வலியைவிடப் பெரிய அநியாயம் ஒன்று அந்த மூன்று மாதத்தில் நடந்திருந்தது. திங்கள்சந்தையில் வேப்பமரத்து நிழலில் அவள் பத்து வருஷமாக உட்கார்ந்து மீன் விற்ற இடம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கம்பை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், அங்கே அதே கரையில் வள்ளம் ஓட்டுகிற கிளீட்டஸின் பெண்டாட்டி ஸ்டெல்லாபாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“நீ இனி வியாவாரத்துக்கு வரமாட்டேன்னுல்லா சொன்னாவ,” என்றாள் ஸ்டெல்லா. எழுந்திருக்கவில்லை.

சந்தையில் வேறு இடம் காலியில்லை. உட்கார்ந்து விற்க வேண்டிய இடுப்பு, சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தது. அன்றைக்கு நின்றுபோன பேச்சு ஏழு வருஷமாக நின்றே கிடந்தது. அந்தக் கரையிலிருந்து ஏழு மணிக்குப் போகிற டெம்போவோ ஒன்றே ஒன்று. ஆகவே ஒரு மூலையில் இவள், மறு மூலையில் அவள், நடுவில் நான்கு பேர். ஸ்டெல்லா இருமினால்கூட ரோஸ்லெட் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான், இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், ஹிபா வந்து சேர்ந்தாள்.

ஹிபா கோட்டாற்றுப் பெண். மனோதத்துவம் படித்தவள். ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் தாணுலிங்கம் நடத்திய ஆராய்ச்சியில் வேலை பார்த்தாள். ஆராய்ச்சி என்னவென்றால், வருஷக்கணக்கில் வலியோடு வாழ்கிறவர்களில் சிலர் ஒடிந்துபோகிறார்கள், சிலர் ஒடியாமல் நிற்கிறார்கள். அந்த நிற்கிற பலம் ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியுமா என்பது. ஆராய்ச்சியோடு ஒரு நல்ல காரியமும் சேர்ந்து வந்தது. பங்குக் கோயில் மண்டபத்தில் பன்னிரண்டு வாரம், ஞாயிறு மத்தியானம், வலிக்காரர்களுக்கு ஒரு வகுப்பு. பிசியோதெரபிஸ்ட் ரசலையன் வந்து சொல்லித்தருவார். ஒரு ஊரில் குறைந்தது பன்னிரண்டு பேர் சேரவேண்டும்.

பூசை முடிந்து பங்குச் சாமியார் இதை அறிவித்தபோது ரோஸ்லெட் பெயர் கொடுக்கவில்லை. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் மண்டபத்துக்குப் போனாள். ரசலையன் ஒரு சருவத்தில் தண்ணீரை நிரப்பித் தரையில் வைத்துவிட்டு, “யாராச்சும் ஒருத்தர் இத எடுங்க பாப்போம்,” என்றார். யாரோ இவளை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

“குனியாதீங்க. ஒரு முட்டுக்கால தரையில ஊணுங்க. சருவத்த வயித்தோட சேத்துப் பிடிங்க. மூச்ச விட்டுக்கிட்டே எழும்புங்க.”

ரோஸ்லெட் எழுந்தாள். சருவமும் கூடவே எழுந்தது. வழக்கமாக அந்த இடத்தில் இடுப்பில் ஒரு கத்தி இறங்கும். இறங்கவில்லை! அவள் சருவத்தை இறக்கிவைத்தாள், மறுபடி எடுத்தாள். மூன்றாம் தடவையும் எடுத்தாள். தண்ணீர் சிந்திச் சேலை நனைந்தது.

“எம்மா, ஏழு வருஷம் இத ஒருத்தனும் எனக்கு சொல்லல்லியே!” என்று அவள் போட்ட கூச்சலில் கோயில் புறாக்கள் பறந்தன. ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். பெயர் கொடுத்தவர்கள் சரியாகப் பன்னிரண்டு பேர், அவ்வளவு பேரும் மீன்காரிகள். அவளுடைய டெம்போவிலிருந்து ஆறு பேர், ஒன்பது மணி டெம்போவிலிருந்து ஆறு பேர். முழங்கால் வலிக்காக ஸ்டெல்லாவும் கொடுத்திருந்தாள். போகட்டும், மண்டபம் பெரிசு, இரண்டு மூலை தாராளமாக உண்டு என்று ரோஸ்லெட் நினைத்துக்கொண்டாள்.

வகுப்புக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள். மறைக்கல்வி அறையில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு ஹிபா கேட்டாள். பன்னிரண்டு வாக்கியம். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க் சொல்லவேண்டும். மொத்தம் நாற்பத்தெட்டு.

“கஷ்டம் வந்தால் நான் சீக்கிரம் எழுந்து நின்றுவிடுவேன்,” என்று ஹிபா வாசித்தாள். “எவ்வளவு போடட்டும் அக்கா?”

“நான் எங்க மக்கா எழும்ப? மாதா தூக்கி விடுதா, எழும்புதேன். பூச்சியம் போடு.”

“வலி இருந்தாலும் என் வேலையை நான் விடுவதில்லை.”

“என்னமோ நடக்கு.”

“அப்ப மூணு போடலாமா?”

“ஐயோ, மூணா! ஒண்ணு போடு. அதே கூடுதலு.”

“எனக்குள்ளே ஒரு பலம் இருக்கிறது என்று நம்புகிறேன்.”

ரோஸ்லெட் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். “வாயால இப்பிடியெல்லாம் சொல்லப்பிடாது பிள்ளே. சொன்னா நாளைக்கே படுத்துருவோம். பூச்சியம், பூச்சியம்.”

கூட்டிப் பார்த்தால் ஏழு. ரோஸ்லெட் வெளியே வந்து, மரியாதையாகப் பதில் சொன்ன திருப்தியில், கொடிமரத்தடியில் நின்று ஒரு வெற்றிலை போட்டாள். உள்ளே போன மற்றப் பதினொரு பேரும் அதே திருப்தியோடுதான் வெளியே வந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ஹிபா வந்தபோது முகம் சரியில்லை. பன்னிரண்டு பேரையும் மண்டபத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். வகுப்பில் சேர இருபத்துநான்கு மார்க் வேண்டும். போன தடவை வேறொரு இடத்தில், குறைந்த மார்க் எடுத்தவர்கள் பாதியில் நின்றுபோய் இன்னும் மோசமானார்கள். அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் கவுன்சிலிங், மாத்திரை, பிறகுதான் வகுப்பு என்று முடிவு. மலையோரத்தில் ரப்பர் வெட்டுகிறவர்களுக்குச் சராசரி முப்பது வந்திருக்கிறது. இந்தக் கரைக்கு எட்டு. ஒருத்திகூடப் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

“அப்ப வகுப்பு?” என்றாள் ரோஸ்லெட்.

“கிழக்க ஒரு ஊருக்கு மாத்துதாங்க அக்கா. அடுத்த திங்கக்கிழம கையெழுத்து ஆயிரும்.”

ரோஸ்லெட்டுக்கு ரத்தம் தலைக்கேறியது. “என்ன பிள்ளே பேசுத? ரப்பர் வெட்டுதவனுக்கு முப்பது, கடலுக்குள்ள போயிட்டு வந்த எங்களுக்கு எட்டா? யாரு ஒனக்க பேராசிரியரு? அவர ஒரு நாளு எனக்க சருவத்த தலையில வச்சிட்டு நடக்கச் சொல்லு. நாலாவது வீட்டுல அழுவாரு!”

“மார்க் நீங்க சொன்னதுதானே அக்கா,” என்றாள் ஹிபா பாவமாக.

ரோஸ்லெட் முந்தானையை உதறிக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கினாள். அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு சருவத்தைத் தரையில் வைத்து, முட்டுக்கால் ஊன்றி, நாலைந்து தடவை எடுத்து எடுத்து வைத்தாள். ஒரே ஒரு வித்தையில் இவ்வளவு சுகம் என்றால், பன்னிரண்டு வாரத்தில் எவ்வளவு கிடைக்கும்! கைக்கு வந்தது கிழக்கே போகிறது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது.

மறுநாள் விடிந்ததும் சாமியாரிடம் சொல்லிக்கொண்டு போக ஹிபா வந்தாள். வந்தவள் கரையில் வள்ளங்கள் வருவதைப் பார்க்க நின்றாள். மரியஜானின் வள்ளம் மணலில் ஏறியது. வலையைத் தூக்க ஆறு பேர் திணறினார்கள். வலை முழுக்கச் சாளை மீன், வெள்ளியாக மினுங்கிக்கொண்டு கிடந்தது.

“அண்ணே, எவ்வளவு மீன்?” என்று ஹிபா ஆசையாகக் கேட்டாள்.

மரியஜான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். “ஒண்ணும் இல்ல மக்கா. கறிக்கு உண்டு.”

ஹிபா வலையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “இவ்வளவும் ஒரு வீட்டுக் கறிக்கா?”

ரோஸ்லெட் விழுந்து விழுந்து சிரித்தாள். “இங்க எவனும் கிட்டுனத கிட்டிச்சுன்னு சொல்லமாட்டான் பிள்ளே. வாயால சொன்னா கண்ணுபட்டுப் போவும், நாளைக்கு கடலு ஒண்ணும் தராது. வள்ளம் முங்குத அளவுக்கு பட்டாலும் கறிக்கு உண்டும்பான்…”

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். வாய் திறந்தபடி நின்றது. ஹிபாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஏட்டி! நான் அன்னைக்கு ஒனக்கு சொன்னதும் இதுதானே! கறிக்கு உண்டு! பன்னிரண்டு கேள்விக்கும் கறிக்கு உண்டுன்னுல்லா சொல்லி வச்சிருக்கேன்! நான் மட்டுமா, அத்தன பேரும்!”

ஹிபாவின் கண் விரிந்தது. “அக்கா, எங்க உம்மாவும் இப்பிடித்தான். நான் முதல் கிளாஸ்ல பாஸானப்போ யாரு கேட்டாலும், என்னமோ தட்டுத்தடுமாறிப் பாஸாயிட்டான்னுதான் சொல்லிச்சு!” பிறகு அவள் முகம் மறுபடி வாடியது. “ஆனா அதச் சொன்னா பேராசிரியர் ஒத்துக்கமாட்டாரு. சரியான மார்க் என்னன்னுதான் கேப்பாரு. நீங்க யாரும் ஒங்க வாயால சொல்லவும் மாட்டீங்க. பின்ன எப்பிடி? இந்தக் கரையில யாருக்கு எவ்வளவு மீன் பட்டுதுன்னு எப்பிடித்தான் தெரிஞ்சுக்குவீங்க?”

“அதுக்கென்ன, பக்கத்து வள்ளக்காரன்ட்ட கேக்கது,” என்றாள் ரோஸ்லெட், இதைக்கூடவா கேட்பாள் ஒருத்தி என்பது போல. திரும்பி, கிளீட்டஸைப் பார்த்துக் கூவினாள். பகை பெண்டாட்டிமாருக்குள்தான், ஆண்கள் வழக்கம்போலப் பேசிக்கொள்வார்கள். “ஓய் கிளீட்டஸு! எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு பட்டிருக்கு?”

கிளீட்டஸ் வலையை ஒரு பார்வை பார்த்தான். “முப்பத்தெட்டுப் பெட்டி சாளை. நடுவுல கொஞ்சம் அயிலயும் கெடக்கு.”

“ஒனக்கு?”

“எனக்கு எங்க? கறிக்கு உண்டு.”

மரியஜான் கிளீட்டஸின் வள்ளத்தைக் காட்டினான். “இருபத்தாறு பெட்டி. பொய் சொல்லுதான்.”

கொஞ்ச நேரத்தில் பெட்டிகளை எண்ணினார்கள். மரியஜானுக்கு முப்பத்தேழு, கிளீட்டஸுக்கு இருபத்தாறு. ஹிபா மணலில் நின்று குதித்தாள். படித்த பெண், ஆராய்ச்சிக்காரி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தாள். ரோஸ்லெட் குதிக்கவில்லை, இடுப்பு விடாது. அதனால் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சத்தம் போட்டாள்.

அங்கிருந்தே பேராசிரியருக்குப் போன். தாணுலிங்கம் கறாரான மனுஷர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். வலைக் கதையை முழுக்கக் கேட்டார். பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னார். கேள்வி அதே பன்னிரண்டுதான். ‘நான்’ என்பதை எல்லாம் ‘அவள்’ என்று மாற்றவேண்டும். ஒருத்தியைப் பற்றி இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்கவேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கவேண்டும். இரண்டு மார்க்கும் ஆறுக்கு மேல் விலகக்கூடாது. விலகினால் அந்த அளவு அளவே இல்லை, அந்த ஆள் வகுப்பில் இல்லை.

“ஒருத்தி கொறஞ்சாலும் பதினொண்ணுதானே சார்?” என்று ஹிபா கேட்டாள்.

“பதினொண்ணுன்னா வகுப்பு கிழக்க போவும்,” என்றார் அவர்.

போனை வாங்கி ரோஸ்லெட் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். “சார், சும்மா நாலு மூணுன்னு சொல்ல விடாதீங்க. மீன காட்டாம எண்ணிக்கய சொன்னா இங்க ஒருத்தனும் ஏத்துக்கமாட்டான். ஒவ்வொரு மார்க்குக்கும் கண்ணால கண்ட ஒரு காரியம் சொல்லணும்.”

“நல்ல யோசனைம்மா,” என்றார் பேராசிரியர். ரோஸ்லெட் அன்று முழுக்க அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஒரே டெம்போவில் போகிறவர்களுக்குத்தான் ஒருத்தியை ஒருத்தி தெரியும் என்பதால், அந்தந்த டெம்போவுக்குள்ளேயே சீட்டுக் குலுக்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம் ரோஸ்லெட்டை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் பதில் சொல்லவேண்டிய இரண்டு பெயரில் முதல் பெயர் பக்கத்து வீட்டு ஷெர்லி. அது பத்து நிமிஷத்தில் முடிந்தது. இரண்டாவது சீட்டை ஹிபா பிரித்தாள்.

“ஸ்டெல்லாபாய்.”

ரோஸ்லெட் எழுந்து நின்றுவிட்டாள். “வேற சீட்டு எடு.”

“எடுக்கக்கூடாது அக்கா.”

“எனக்கு அவளத் தெரியாது.”

“ஏழு வருஷமா ஒரே வண்டியில போறீங்க.”

ரோஸ்லெட் உட்கார்ந்தாள். பூஜ்யம் என்று பன்னிரண்டு தடவை சொல்லிவிட்டு எழுந்து போகலாம், யார் கேட்கப் போகிறார்கள்? போனால் ஸ்டெல்லா விழுவாள். விழுந்தால் வகுப்பும் விழும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பொய் சொல்லலாம் என்று பார்த்தால், கண் கண்டதெல்லாம் வரிசையாக வந்து நின்று அவளை மறித்தது. பேசாமல் இருந்த ஏழு வருஷத்தில் அவள் ஸ்டெல்லாவைப் பார்க்காமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.

“வலி இருந்தாலும் அவள் தன் வேலையை விடுவதில்லை,” என்று ஹிபா வாசித்தாள்.

“நாலு,” என்றாள் ரோஸ்லெட், பல்லைக் கடித்துக்கொண்டு. “அவளுக்க முட்டு மழக்காலத்துல தேங்கா மாதிரி வீங்கும். பழைய சீலத்துணிய சுத்திக் கெட்டியிருப்பா, சேலைய இழுத்து மறைச்சிருப்பா. இருந்தா எழும்ப முடியாதுன்னு காலத்த எட்டு மணி தொட்டு பகல் முழுக்க நின்னுட்டே விப்பா. ஒரு நாளு ரெண்டு நாளு கெடயாது, வருஷம் பூரா. இதுக்கு நாலு போடாம என்ன போட?”

“கஷ்டத்திலும் அவள் பிறரைச் சிரிக்கவைப்பாள்.”

“பூச்சியம்! மூஞ்சிய பாத்தா பால் திரியும்!” கொஞ்சம் யோசித்தாள். “இல்ல, நில்லு. போன பெருநாளைக்கு ஷெர்லி அழுதுட்டு இருந்தா. இவ என்னமோ சொன்னா, அவ சிரிச்சா. என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல்ல. மூணு போடு.”

முடிந்ததும் ஹிபா கூட்டினாள். முப்பத்தெட்டு. ரோஸ்லெட் தாளில் விரலை வைத்துக் குத்தினாள். “அடியில ஒண்ணு எழுது. அடுத்தவளுக்க எடத்த பிடுங்கினவள்னு எழுது.”

“அதுக்கு இதுல கேள்வி இல்ல அக்கா.”

“இருக்க வேண்டிய கேள்வியாக்கும் அது,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே வந்தபிறகுதான் அடுத்த பயம் பிடித்தது. அடுத்து உள்ளே போனவள் ஸ்டெல்லா. அவளும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லவேண்டும். வண்டியில் மீதி இருப்பதோ ஐந்தே பேர். அதில் ஒன்று தானாக இருந்தால்? ஸ்டெல்லா அரைமணி நேரமாகியும் வெளியே வரவில்லை. ஒரு ஆளைப் பற்றிக் குறை சொல்லத்தான் அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ரோஸ்லெட்டுக்குத் தோன்றியது. ஸ்டெல்லா வெளியே வந்தபோது யாரையும் பார்க்காமல், நொண்டிக்கொண்டே நேராக வீட்டுக்குப் போனாள். அதோடு ரோஸ்லெட்டுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் பன்னிரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தாணுலிங்கம் நேரில் வந்திருந்தார். ரசலையனும் வந்திருந்தார், வகுப்பு உண்டா இல்லையா என்று தெரியாமலே பாய்களைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். பேராசிரியர் பெயர் சொல்லவில்லை, எண்ணை மட்டும் வாசித்தார்.

“முதல் ஆள்: முப்பத்தாறு, முப்பத்தைந்து. இரண்டாவது ஆள்: முப்பத்தொன்று, முப்பத்துமூன்று. மூன்றாவது: நாற்பது, முப்பத்தெட்டு…”

ஒவ்வொரு ஜோடிக்கும் மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்தது, ஏலம் ஏறுகிற மாதிரி. ஒட்டி ஒட்டி வந்துகொண்டே இருந்தது. சராசரி எட்டு என்று ஒதுக்கிவைத்த கரைக்கு முப்பத்தைந்தும் முப்பத்தாறும்! பேராசிரியருக்கே குரல் உயர்ந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். ஷெர்லி பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். ரோஸ்லெட் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். பதினொன்று முடிந்தது.

“பன்னிரண்டாவது,” என்றார் அவர், நிறுத்தினார். “இருபத்தெட்டு. நாற்பத்தேழு.”

பத்தொன்பது மார்க் வித்தியாசம்.

“இது ஒட்டல,” என்றார் தாணுலிங்கம். “ஒருத்தர் கூட்டிச் சொல்லியிருக்காங்க, இல்லைன்னா ஒருத்தர் கொறச்சுச் சொல்லியிருக்காங்க. எது உண்மைன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“காரியம் எழுதியிருக்கு சார்,” என்றாள் ஹிபா. “வாசிக்கட்டா? பேர் சொல்லமாட்டேன்.” அவர் தலையசைத்தார். ஹிபா முதல் தாளை எடுத்தாள். “இருபத்தெட்டு கொடுத்தவங்க சொன்னது: ‘அவளுக்கு என்ன பெரிய வலி? எப்பவும் சிரிச்சிட்டுதானே கெடக்கா. கஷ்டப்பட்டு நான் கண்டதில்ல. காணாததுக்கு எப்பிடி மார்க் போட?’”

ஷெர்லி தலையைக் குனிந்துகொண்டாள். ரோஸ்லெட்டுக்குப் புரிந்துவிட்டது. அது தான்தான். இந்தப் பன்னிரண்டு பேரில் எப்போதும் சிரித்துக்கொண்டு கிடக்கிறவள் வேறு யார்? தன்னால்தான் வகுப்பு போகிறது. இத்தனை வருஷம் பக்கத்து வீட்டுக்குக்கூடக் காட்டாமல் மூடி மூடி வைத்தது இன்றைக்கு இவ்வளவு பேர் சோற்றில் மண்ணைப் போடுகிறது.

ஹிபா இரண்டாவது தாளை எடுத்தாள்.

“நாற்பத்தேழு கொடுத்தவங்க சொன்னது: ‘நாலு வருஷம் முந்தி ஆடி மாசம். நல்ல மழை. சந்தைக்குப் பொறத்த அடச்சுக் கெடந்த ஒரு கடைக்குப் பின்னால அவ நின்னா. சருவத்த தலையில இருந்து எறக்க முடியல்ல. செவுத்துல சாஞ்சு நின்னு அழுதா. யாரும் காணல்லேன்னு அவளுக்கு நெனப்பு. நான் போய் எறக்கி விட்டிருக்கணும். போவல்ல, எனக்கு மொகம் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கச் சிந்திட்டு மீனோய்னு ஒரு கூவு கூவினா, நாலு தெருவுக்குக் கேட்டுது. அவளுக்கு வலி கூடின அன்னைக்கெல்லாம் சத்தமும் கூடும். வலி இல்லாத அன்னைக்கு மெதுவாத்தான் கூவுவா. வண்டியில ஒருத்திக்கும் இது தெரியாது, எனக்குத் தெரியும். ஏழு வருஷமா அந்த வேப்பமரத்தடியில இருந்து நான் அந்தச் சத்தத்தத்தான் கேட்டுட்டு இருக்கேன். அது அவளுக்க எடமாக்கும்.’”

ஹிபா தாளை மடித்தாள். யாரும் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்தது.

தாணுலிங்கம் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். “மறச்சு வச்சா பக்கத்துல இருக்கவங்களுக்குத் தெரியாது. அப்ப கொறஞ்ச மார்க் பொய் இல்ல, காணாதது,” என்று ஹிபாவிடம் சொன்னார். “இத அப்பிடியே எழுதிக்க. இந்த ஆராய்ச்சியில நமக்குக் கிடைச்ச பெரிய விஷயம் இதுதான். விலகலுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு, ரெண்டு மார்க்கும் இருபத்துநாலுக்கு மேல. பன்னிரண்டு பேரும் சேர்த்தி. வகுப்பு இங்கதான்.”

எழுந்த கூச்சலில் அவர் மேற்கொண்டு சொன்னது எதுவும் கேட்கவில்லை. ஷெர்லி அழுதுகொண்டே வந்து ரோஸ்லெட்டின் தோளைப் பிடித்தாள். ரோஸ்லெட்டுக்கு மட்டும் சத்தம் வரவில்லை. அந்த மழையில், அந்தச் சுவருக்குப் பின்னால், தான் தனியாக இல்லை. ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ரசலையன் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. பாய்களை விரித்தார், கையைத் தட்டினார். “ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. ஒருத்தர் செய்யும்போ மத்தவங்க முதுகு வளையுதான்னு பாக்கணும். ஒங்களுக்குப் பிடிச்ச ஆளச் சேத்துக்கிடுங்க.”

பெண்கள் எழுந்து ஜோடி ஜோடியாக நகர்ந்தார்கள். கடைசி மூலையில் ஸ்டெல்லா தரையில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. யாரையும் கூப்பிடாமல், தலையைத் தூக்காமல், மறுபடி ஊன்றினாள்.

ரோஸ்லெட் மண்டபத்தின் குறுக்கே நடந்துபோய் அவள் முன்னால் நின்றாள். ஒரு முட்டுக்காலைத் தரையில் ஊன்றினாள், முதுகு வளையாமல். கையை நீட்டினாள்.

“எழும்புட்டி,” என்றாள். “எனக்க இடுப்ப நீ பாரு. ஒனக்க முட்ட நான் பாத்துக்கிடுதேன்.”

ஸ்டெல்லா அந்தக் கையைப் பிடித்தாள். மூச்சை விட்டுக்கொண்டே இரண்டு பேரும் எழுந்தார்கள்.